நரைத்தால் போதுமா? முதுமையும் ஞானமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் சபையில் மாதத்தின் கடைசி சனிக்கிழமை சாயங்காலம் முதியோர் கூடுகை நடக்கும். முப்பது நாற்பது பேர் வருவார்கள். ஜெபம், ஒரு கீர்த்தனை, கால்மணி நேர வேதபாடம், அப்புறம் சுக்குக் காபியும் உளுந்த வடையும். நிஜமான கூட்டம் அதற்கு மேல்தான் ஆரம்பிக்கும். செருப்பைத் தேடிக்கொண்டே, வாசல் தூணைப் பிடித்துக்கொண்டே ஆளுக்கொரு கேள்வி கேட்பார்கள். ஏழு வருஷமாகத் திரும்பத் திரும்ப அதே கேள்விகள் வருவதால் எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. நான் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார். இறையியல் கல்லூரிப் பக்கம் போனதில்லை. வசனங்களை நாம் வழக்கமாக வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்தே கொடுத்திருக்கிறேன்.

வயசாக ஆக ஞானம் தானா வந்துரும்தானே சார்?

வராது. "முதியோரிடத்தில் ஞானமும், வயதுசென்றவர்களிடத்தில் புத்தியும் இருக்குமே" (யோபு 12:12) என்று பிறந்தநாள் வாழ்த்தில் அச்சடிக்கிறார்கள். அந்த அதிகாரத்தை முதலிலிருந்து வாசித்துப் பாருங்கள். "ஆம், நீங்களே ஞானமுள்ள ஜனங்கள், உங்களுடனே ஞானம் சாகும்" என்று, தன் துன்பத்தில் ஆறுதல் சொல்ல வந்த சிநேகிதர்களை யோபு குத்திக்காட்டித்தான் பேச்சையே தொடங்குகிறார். அவர்களோ நரைத்தவர்கள்; அதை ஒரு தகுதியாகச் சொல்லியும் கொள்கிறார்கள் (15:10). கடைசியில் தேவன் கடிந்துகொண்டது அவர்களைத்தான்.

இருபது அதிகாரம் தள்ளி எலிகூ என்ற இளைஞன் வருகிறான். பெரியவர்கள் பேசி முடிக்கட்டும் என்று மரியாதைக்குக் காத்திருந்துவிட்டு, "பெரியோரெல்லாம் ஞானிகளல்ல" (32:9) என்று போட்டு உடைக்கிறான். நரைமயிர் மகிமையான கிரீடம் என்று நீதிமொழிகள் சொல்வது உண்மைதான். ஆனால் "நீதியின் வழியில் உண்டாகும்" என்ற நிபந்தனை அதற்கு முன்னாலேயே நிற்கிறது (16:31).

ஞானம்னா என்னன்னு முதல்ல சொல்லுங்க. படிப்பா, பக்தியா, அனுபவமா?

எபிரெயத்தில் ஹொக்மா என்ற சொல். ஆசரிப்புக் கூடாரத்துக்குப் பொன் வேலையும் மர வேலையும் செய்த பெசலெயேலுக்குத் தேவன் கொடுத்ததும் அதே ஞானம்தான் (யாத்திராகமம் 31:3). அதாவது கைப்பழக்கம், நேக்கு. மரத்தின் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து இழைப்புளியைப் பிடிக்கிற ஆசாரியிடம் இருப்பது. அதே நேக்கு வாழ்க்கையில், மனுஷரிடத்தில், தேவனுக்கு முன்னால் இருந்தால் அதைத்தான் வேதம் ஞானம் என்கிறது. பட்டம் வாங்கினவர்களுக்கு மட்டும் என்று எங்கேயும் இல்லை.

சாலொமோன் கேட்டது நம் வேதாகமத்தில் "ஞானமுள்ள இருதயம்" என்று இருக்கிறது (1 இராஜாக்கள் 3:9). மூலத்தில் உள்ளது "கேட்கிற இருதயம்". இதை ஒரு போதகர் சொல்லி முதன்முதலில் தெரிந்துகொண்டபோது எனக்கு அறுபத்தொரு வயது. அதுவரை ஞானம் என்றால் வாய் சம்பந்தப்பட்டது என்றே நினைத்திருந்தேன். வாத்தியார் புத்தி! இனி வரும் பதில்களில் இந்தக் கேட்கிற இருதயம் அடிக்கடி தலைகாட்டும்.

எந்த வயசுலேருந்து முதியோர் கணக்கு?

ஆசரிப்புக் கூடாரத்தில் ஊழியம் செய்த லேவியருக்கு 50 வயதில் பளு வேலை முடிந்தது (எண்ணாகமம் 8:25). சபை ஆதரிக்கும் விதவைகளுக்கு 60 என்று பவுல் வைத்தார் (1 தீமோத்தேயு 5:9). ஆயுசு 70, பெலனிருந்தால் 80 என்கிறது 90-ம் சங்கீதம். எங்கள் கூடுகையில் வடை சாப்பிட வருகிற யாரிடமும் வயதுச் சான்றிதழ் கேட்பதில்லை.

சாலொமோனைவிட ஞானி கிடையாதுன்றீங்க. அவரே கடைசில சறுக்கிட்டாரே?

அதுதான் வேதாகமத்திலேயே எனக்கு அதிகம் பயம் தருகிற கதை. "சாலொமோன் வயதுசென்றபோது" என்று வசனமே வயதைச் சொல்லி ஆரம்பிக்கிறது (1 இராஜாக்கள் 11:4). வாலிபத்தில் வந்த ஆபத்து அல்ல. 40 வருஷம் அரசாண்டவர், ஆலயம் கட்டினவர், சேபாவின் ராஜஸ்திரீ தேடி வந்து கேள்வி கேட்ட மனுஷர். சின்ன வயதில் கேட்கிற இருதயத்தைக் கேட்டு வாங்கினவர், கர்த்தர் இரண்டு தரம் தரிசனமாகிச் சொன்ன பின்பும் கேட்கவில்லை.

என் கணிப்பு இது. சரியாகவே பதில் சொல்லிப் பழகினவருக்கு, நாமும் தவறு செய்வோம் என்ற எண்ணமே மெல்ல மறந்துபோகிறது. "இனி ஆலோசனையைக் கேளாத கிழவனும் மூடனுமான ராஜாவைப்பார்க்கிலும், ஏழையும் ஞானியுமாகிய இளைஞனே வாசி" என்கிறது பிரசங்கி 4:13. அதில் வரும் "இனி" என்ற சொல்லைக் கவனியுங்கள். முன்பு கேட்டுக்கொண்டிருந்தவன்தான்.

ராஜா கதை எதற்கு, என் கதையைச் சொல்கிறேன். மகள் வாங்கிக் கொடுத்த காது மெஷின் எட்டு மாதம் பீரோவில் கிடந்தது. "எனக்கு நல்லாத்தானே கேக்குது" என்பது என் வாதம். அந்த நாட்களில் ஒரு கமிட்டிக் கூட்டத்தில் எதையோ கேட்டார்கள்; நானும் "சரி, சரி" என்று தலையாட்டினேன். மறுவாரம் போனால் ஆலய வாசலில் நின்ற புங்கமரத்தைக் காணோம். முன்மொழிவை வழிமொழிந்தது நான்தான் என்று மினிட் புத்தகத்தில் இருக்கிறது.

"நாட்களை எண்ணும் அறிவு"ன்னா சாவையே நினைச்சுக்கிட்டு இருக்கறதா?

இல்லை. 90-ம் சங்கீதம் மோசேயின் ஜெபம் என்று தலைப்பிலேயே இருக்கிறது. ஒரு தலைமுறை முழுவதும் வனாந்தரத்தில் விழுந்ததைப் பார்த்தவரின் ஜெபம். 70 வருஷம் என்றால் 25,550 நாள், லீப் வருஷங்களைச் சேர்த்தால் இன்னும் பதினேழு பதினெட்டு. அவ்வளவுதான் என்று தெரிந்தால் சில சண்டைகளுக்கு நேரம் ஒதுக்கமாட்டோம். "ஞான இருதயமுள்ளவர்களாகும்படி" எண்ணச் சொல்கிறார், பயப்படும்படி அல்ல.

எங்க காலத்துல சபை இப்படியா இருந்துச்சு? அதைச் சொன்னா ஏன் கோவிச்சுக்கிறாங்க?

"இந்நாட்களைப் பார்க்கிலும் முன்நாட்கள் நலமாயிருந்தது என்னமோ என்று சொல்லாதே, நீ இதைக்குறித்து விசாரிப்பது ஞானமல்ல" (பிரசங்கி 7:10). இதை வாசித்துவிட்டு ஒரு பெரியவர் என்னிடம் இரண்டு மாதம் பேசவில்லை.

ஆனால் அந்த வருத்தத்தை வேதம் கேலி செய்வதில்லை. பாபிலோனிலிருந்து திரும்பி வந்து இரண்டாம் ஆலயத்துக்கு அஸ்திபாரம் போட்ட நாளை எஸ்றா 3-ல் வாசியுங்கள். முந்தின ஆலயத்தைக் கண்ணால் பார்த்த முதியோர் மகா சத்தமாய் அழுகிறார்கள். அதைப் பார்த்திராத இளையவர்கள் கெம்பீரமாய் ஆர்ப்பரிக்கிறார்கள். எது அழுகை, எது சந்தோஷம் என்று பிரிக்க முடியாதபடி இரண்டும் கலந்து வெகுதூரம் கேட்டதாம். அழுதவர்களை யாரும் துரத்தவில்லை. பிற்பாடு ஆகாய் தீர்க்கதரிசி அவர்களிடமே போய், முந்தின மகிமையைக் கண்டவர்கள் உங்களில் யார் என்று கேட்டு, பிந்தினதின் மகிமை அதைவிடப் பெரிதாயிருக்கும் என்றார். கீபோர்டும் டிரம்ஸும் வந்தபோது ஆர்மோனியத்துக்காக நானும் அழுதவன்தான். அழலாம். அஸ்திபாரக் கல்லில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கமாட்டேன் என்றால்தான் வம்பு.

மூத்தோர் சொல் அமிர்தம்னு படிச்சோம். எங்க வீட்ல யாரும் கேக்கறதே இல்லையே?

சாலொமோனின் மகன் ரெகொபெயாம் முதியோரின் ஆலோசனையைத் தள்ளி ராஜ்யத்தை உடைத்துக்கொண்ட கதையைச் சொல்லி இளைஞர்களை அடக்கப் பார்க்கிறோம். ஒரு சின்ன விஷயம்: அவன் ராஜாவானபோது வயது 41 (1 இராஜாக்கள் 14:21). "தன்னோடே வளர்ந்த வாலிபர்" என்றால் அவர்களுக்கும் நாற்பதை ஒட்டித்தான் இருக்கும். பால்குடி பிள்ளைகள் இல்லை. அந்த முதியோர் சொன்னது என்ன என்பதையும் பார்க்க வேண்டும்: ஜனங்களுக்குச் சேவகனாயிரு, நல்வார்த்தை சொல்லு. சாலொமோனின் சமுகத்தில் நின்று, பாரம் சுமந்த ஜனத்தின் முனகலைக் கேட்டவர்கள் அவர்கள். கேட்டதால்தான் சொல்ல அவர்களிடம் ஏதோ இருந்தது.

யோபுவின் சிநேகிதர்கள் செய்த ஒரே நல்ல காரியம், ஏழு நாள் அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தது (2:13). எட்டாம் நாள் வாயைத் திறந்தார்கள், கெட்டது. என் மகள் வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகத் தையல் யூனிட் ஆரம்பிக்கப் போகிறேன் என்றபோது, பென்ஷன் இல்லாத பிழைப்பு பிழைப்பா என்று ஒரு மணி நேரம் பேசினேன். இப்போது அவளிடம் பதினோரு பேர் வேலை பார்க்கிறார்கள். என் காலத்துக்குச் சரியான புத்தியை அவள் காலத்துக்குக் கொடுத்திருக்கிறேன். இப்போதெல்லாம் "நான் சொல்லட்டுமா, சும்மா கேக்கட்டுமா?" என்று முதலிலேயே கேட்டுவிடுகிறேன். பாதி நேரம் "சும்மா கேளுங்கப்பா" என்கிறாள்.

நாப்பது வருசமா கமிட்டியில இருக்கேன். நான் விட்டா யாரு பார்ப்பா?

பல சபைகள் சேர்ந்த திருமண்டலத்தின் தேர்தல் சமயத்தில் இந்தக் கேள்வி கூடுதல் சத்தத்தோடு வரும். மேலே லேவியரைச் சொன்னேன். 50-க்கு அப்புறம் அவர்களை வீட்டுக்கு அனுப்பவில்லை. சகோதரரோடே கூடாரத்தின் காவலைக் காக்கச் சொன்னார்கள். சுமை இறங்கியது, இடம் போகவில்லை.

எனக்குப் பிடித்த கிழவர் பர்சிலா. தாவீது அப்சலோமுக்குத் தப்பி ஓடின நேரத்தில் படுக்கை, பாத்திரம், கோதுமை, தேன் என்று கொண்டுவந்து கொடுத்தவர்களில் ஒருவர். ஜெயித்து வந்த ராஜா, என்னோடு எருசலேமுக்கு வாரும், உம்மைப் பராமரிப்பேன் என்கிறார். அவர் சொல்கிறார்: எனக்கு 80 வயது, சாப்பாட்டில் ருசி தெரியவில்லை, பாட்டுச் சத்தம் கேட்கவில்லை, ராஜாவுக்கு நான் ஏன் பாரமாயிருக்கவேண்டும்? அப்புறம் கிம்காம் என்ற இளைஞனை முன்னே தள்ளி, இவனைக் கூட்டிப்போங்கள் என்கிறார் (2 சாமுவேல் 19). பதவியைப் பெற்றுக்கொள்ளும் அருகதை உண்டு, அழைப்பும் உண்டு, ஆனாலும் அடுத்தவனைக் காட்டுகிறார். உங்கள் கிம்காம் யார் என்று பெயர் சொல்ல முடிகிறதா? முடியாவிட்டால் நாற்பது வருஷத்தில் அந்த ஒரு வேலை பாக்கி.

அப்போ காலேப்? எண்பத்தஞ்சு வயசுல மலையைக் கேட்டாரே, அவர் மட்டும் ஒதுங்கலையே?

நல்ல கேள்வி, முந்தின பதிலைப் படித்துவிட்டு ஒரு முன்னாள் கமிட்டி செயலாளர் கேட்டது. மோசே காலத்தில் கானானை வேவுபார்க்கப் போன காலேப், முதிர்வயதில் கேட்டது உண்மைதான் (யோசுவா 14). எதைக் கேட்டார் என்று பாருங்கள். இராட்சதரான ஏனாக்கியர் இருந்த, அரணான பட்டணங்கள் நிறைந்த மலைநாட்டை, யாரும் போகத் தயங்கின இடத்தை. நாற்காலியைக் கேட்கவில்லை. பெலன் இருக்கிறவர்கள் மலையைக் கேட்கட்டும், யாரும் தடுக்கப்போவதில்லை. எங்கள் ஊர் அரசு ஆஸ்பத்திரியில் துணைக்கு ஆள் இல்லாத நோயாளிகளுக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்து, சீட்டுப் பதிய வரிசையில் நிற்க ஆள் தேவைப்படுகிறது. அந்த மலைக்குப் போட்டியே கிடையாது.

நான் பொம்பள, அஞ்சாப்புதான் படிச்சேன். எங்கிட்ட என்னய்யா ஞானம் இருக்கு?

புதிய ஏற்பாட்டில் பாட்டி என்ற சொல் ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது. அது லோவிசாளுக்காக (2 தீமோத்தேயு 1:5). தீமோத்தேயுவின் விசுவாசம் எங்கிருந்து வந்தது என்று பவுல் தேடிப் பார்த்து, பாட்டி வீட்டுத் திண்ணையில் போய் நிற்கிறார். ஆலயத்தில் குழந்தை இயேசுவை அடையாளம் கண்டு எல்லாருக்கும் சொன்ன அன்னாளுக்கு ஏறக்குறைய 84 வயது. புருஷனோடு ஏழே வருஷம் வாழ்ந்து விதவையானவர் (லூக்கா 2).

இதைக் கேட்ட அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. கேட்டுக்கொண்டிருந்தபோதே பேரனின் சட்டையில் பிய்ந்த பொத்தானைத் தைத்துக்கொண்டு, 23-ம் சங்கீதத்தை அவனுக்கு வரிவரியாகச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் வேறு பதில் எதுவும் சொல்லவில்லை.

அம்மாவுக்கு மறதி நோய். எங்களையே தெரியல. ஞாபகம் போனா ஞானமும், விசுவாசமும் போயிருமா?

முதலில் டாக்டர். திடீரென்று ஒரு வாரத்துக்குள் குழப்பம் வந்தால் அது மறதி நோயாகவே இல்லாமல் இருக்கலாம். சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, புது மாத்திரை ஆகியவையும் முதியவர்களை அப்படி ஆக்கும். சிகிச்சையில் சரியாகவும் செய்யும். இதைப் பிசாசு என்று சொல்லித் தலையைப் பிடித்து ஆட்டுகிறவர்களை வீட்டுக்குள் விடாதீர்கள்.

விசுவாசம் போகுமா என்பதற்கு ஏசாயா 46:4: "நரைவயதுமட்டும் நான் உங்களைத் தாங்குவேன்." தாங்குகிறவர் யார் என்று பாருங்கள். அடிமைக் கப்பல் கேப்டனாக இருந்து பிற்பாடு போதகரான ஜான் நியூட்டன், முதுமையில் நினைவு தப்பத் தொடங்கியபோது, தனக்கு இரண்டு காரியம் மட்டும் ஞாபகம் இருப்பதாகச் சொன்னார் என்பார்கள்: நான் பெரிய பாவி, கிறிஸ்து பெரிய இரட்சகர். அதுவும் மறந்துபோகிற கட்டம் உண்டு. அப்போது அவர்களுக்காக நாம் ஞாபகம் வைத்துக்கொள்கிறோம். பழைய கீர்த்தனையை மெதுவாகப் பாடிப் பாருங்கள். மகன் பெயர் தெரியாதவர்கள் இரண்டாம் சரணத்தை விடாமல் பாடுவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

படுக்கையில கிடக்கேன். ஒருத்தருக்கும் பிரயோஜனமில்ல. ஏன் இன்னும் வச்சிருக்கார்?

இதற்கு மட்டும் நான் வேகமாகப் பதில் சொல்வதில்லை. பேதுருவிடமே ஆண்டவர் ஒளிக்காமல் சொன்னார்: முதிர்வயதில் கைகளை நீட்டுவாய், வேறொருவன் உன் அரையைக் கட்டுவான் (யோவான் 21:18). கட்டிவிடச் சம்மதிப்பது பேதுரு மாதிரி ஆட்களுக்குச் சிலுவையைப் போலவே கடினம்.

நம் நெல்லைப் பக்கம் டோனாவூரில் இருந்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரை நினைத்துக்கொள்வேன். ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தவர். 1931-ல் பக்கத்து ஊரில் ஒரு வீட்டைப் பார்க்கப் போன இடத்தில் குழியில் விழுந்தார். 1951-ல் மரிக்கும்வரை ஏறக்குறைய இருபது வருஷம் பெரும்பாலும் ஒரே அறைதான். அங்கிருந்து புத்தகங்களும் கடிதங்களும் எழுதினார். பிள்ளைகள் அறைக்கு வந்துபோனார்கள். அதற்காக நீங்களும் புத்தகம் எழுதுங்கள் என்று சொல்லவில்லை. "என் பெலன் ஒடுங்கும்போது என்னைக் கைவிடாமலும் இரும்" (சங்கீதம் 71:9) என்று முனகினாலும் அது ஜெபம்தான். சாகவேண்டும் என்றே தோன்றிக்கொண்டிருந்தால் வீட்டில் ஒருவரிடமும் டாக்டரிடமும் சொல்லுங்கள். மனச்சோர்வுக்கு எண்பதிலும் மருந்து உண்டு.

பழைய தப்பெல்லாம் ராத்திரி வந்து நிக்குது. இந்த வயசுல என்ன பண்ண முடியும்?

ஹிப்போவின் பேராயர் அகுஸ்தீன் எழுபது தாண்டின பிறகு, தான் எழுதிய 93 நூல்களையும் வரிசையாக எடுத்து, இங்கே தப்பாகச் சொன்னேன், இங்கே அவசரப்பட்டேன் என்று திருத்தி ஒரு நூலே எழுதினார். அவர் மீது கல்லெறிய நினைத்தவர்களுக்குக் கல்லைப் பொறுக்கிக் கொடுத்த மாதிரி வேலை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் ஜியாமெட்ரி பாக்ஸைத் திருடினான் என்று வகுப்பின் முன் அடித்தேன். மறுநாள் அந்தப் பாக்ஸ் தொலைத்தவன் வீட்டிலேயே கிடைத்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. வாத்தியார் மன்னிப்புக் கேட்கிற காலம் இல்லை அது. முப்பத்தைந்து வருஷம் கழித்து நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினேன். பெயரைச் சொன்னதும், "சார், ஜியாமெட்ரி பாக்ஸா?" என்றான். உடனே, "ஒரு நிமிஷம் சார், கடையில ஆளு நிக்குது" என்று வைத்துவிட்டான். அந்தப் பத்து நிமிஷம் எனக்கு நீளம். திரும்பக் கூப்பிட்டு முக்கால் மணி நேரம் பேசினான், அதிகமும் டயர் வியாபாரத்தைப் பற்றி.

ஆள் உயிரோடு இருந்தால் போன் பண்ணுங்கள். எல்லாரும் திரும்பக் கூப்பிடமாட்டார்கள். அபகரித்தது வேலியோர நிலமாக இருந்தால் மன்னிப்பு மட்டும் போதாது, சர்வேயரையும் கூப்பிட வேண்டும். அநியாயமாய் வாங்கினதைத் திருப்பிக் கொடுக்க முன்வந்த சகேயு அப்படித்தான் செய்தார்.

நாங்க வாலிபர் சங்கம். பெரியவங்க தப்பு பண்ணா அவங்ககிட்ட சொல்லலாமா, சொன்னா அவமரியாதையா?

சொல்லலாம். முதிர்வயதுள்ளவனைக் கடிந்துகொள்ளாமல், தகப்பனைப்போலப் பாவித்துப் புத்திசொல் என்பது தீமோத்தேயுவுக்குப் பவுல் கொடுத்த வழி (1 தீமோத்தேயு 5:1). நரைத்தவனுக்கு முன்பாக எழுந்து நில் என்ற கட்டளையும் (லேவியராகமம் 19:32) ரத்தாகவில்லை; எழுந்து நின்றுகொண்டே சொல்லலாம்.

ஆசாரியனாகிய ஏலியைப் பாருங்கள். கண் மங்கினவர், தன் பிள்ளைகளை அடக்கத் தவறினவர். ஆனாலும் சிறுவன் சாமுவேலுக்கு, "கர்த்தாவே சொல்லும்; அடியேன் கேட்கிறேன்" என்று சொல்லக் கற்றுக்கொடுத்தது அவர்தான். அந்த இரவில் பையன் கேட்டது ஏலியின் வீட்டுக்கே விரோதமான செய்தி. விடிந்ததும் அவன் சொல்லப் பயந்தான். கிழவர் கூப்பிட்டு, எனக்கு மறைக்காதே என்று வற்புறுத்தி ஒன்றுவிடாமல் சொல்லவைத்தார் (1 சாமுவேல் 3). கேட்டுவிட்டுப் பையன்மேல் கோபப்படவில்லை.

எல்லாப் பெரியவரும் அப்படிக் கூப்பிட்டுக் கேட்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். கூட்டத்தில் வேண்டாம், வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள். சாப்பிட்ட பிறகு, மத்தியானத் தூக்கத்துக்கு முன்னால் நல்ல நேரம். ஆரம்பிக்குமுன் காது மெஷின் போட்டிருக்கிறாரா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொரு மரத்துக்கு வழியில்லை.